மங்களா கபேயின் பின்வாசல்

பிரதேச செயலகக் கந்தோரின் காணிக் கிளையில் இருந்த உத்தியோகத்தர் பிள்ளை கோப்பைத் திருப்பி, ஒரு சொல்லின் கீழே பேனை முனையை வைத்துக் காட்டினாள்.

"இதைப் பாருங்கோம்மா. பற்றைக்காணி. கட்டடம் எதுவும் இருந்ததாக அடையாளம் இல்லை. இப்பிடித்தான் பதிஞ்சிருக்கு."

கௌசலா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்தாள். இந்தக் கந்தோருக்கு அவள் வருவதும் மூன்றாவது தரம். முதல் தரம் உரிய ஆள் லீவு. இரண்டாம் தரம் கோப்பு மேல் கந்தோருக்குப் போயிருந்தது. இன்றைக்கு ஆளும் இருக்கிறாள், கோப்பும் இருக்கிறது. கோப்புக்குள் அப்பாவின் கடைதான் இல்லை.

"பிள்ளை, அதில எங்கட அப்பா இருவது வருசம் சைவக்கடை நடத்தினவர். பக்கத்தில இந்துமதி தியேட்டர். நல்ல படம் ஓடினால் ஒரு காட்சிக்கு ஐந்நூறு சனம் நிக்கும். அது எப்பிடிப் பற்றைக்காணி ஆகும்?"

"நீங்கள் பொய் சொல்லுறீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. ஆமி காணியை விட்டுப் போனாப் பிறகு அளக்கப் போனவை கண்டதை எழுதியிருக்கினம். அவை போகேக்க பற்றைதான் நிண்டிருக்கும்."

அவள் சொன்னதிலும் பிழையில்லை. கிளிநொச்சிப் பட்டினத்துக்குத் தெற்கே, ஏ ஒன்பது வீதி ஓரமாக இருக்கிற ஏழாங்கட்டைச் சந்தியில் இப்போது போய் நிற்கிற எவரும் அங்கே ஒரு தியேட்டர் இருந்தது என்று நம்பமாட்டார்கள். அரிசி ஆலை முதலாளி ஒருவர் கட்டிய இந்துமதி எண்பத்தேழில் படம் ஓட்டுவதை நிறுத்தியது. அதை ஒட்டியிருந்த மங்களா கபே தொண்ணூறில் பூட்டிய கதவைப் பிறகு திறக்கவில்லை. அதன் பிறகு ஷெல் விழுந்தது, ஓடும் மரமும் ஆளுக்காள் கழற்றிக்கொண்டு போனார்கள், கடைசியில் முகாமுக்கு மண் அணை போட மிச்சச் சுவரையும் புல்டோசர் தள்ளியது. கௌசலாவின் அப்பா நடராசா வேலணையிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து, வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கடை போட்டவர். கடையின் ஒரேயொரு போட்டோ, வியாபாரப் பத்திரம், அப்பாவின் மரண அத்தாட்சி எல்லாம் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் விட்டுவந்த சூட்கேசோடு போயிற்று.

இப்போது அந்த இடத்தில் பன்னிரண்டு கடைகளோடு ஒரு கடைத்தொகுதி கட்டப் போகிறார்கள். தொண்ணூறுக்கு முன்னர் அங்கே தொழில் செய்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தல் போட்டிருந்தார்கள். கௌசலாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருசன் போன பிறகு வீட்டுக் குசினியில் சமைத்து, ஒரு நாளைக்கு நாற்பது மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி வங்கிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுத்துவருகிறாள். நாலு மேசை போட ஒரு கடை கிடைத்தால், சைக்கிளில் பார்சலைக் கட்டிக்கொண்டு வெயிலுக்குள் ஓடத் தேவையில்லை. அவ்வளவுதான் அவளுடைய எண்ணம்.

"என்ன கொண்டுவந்தால் இதை மாத்தலாம்?"

"போட்டோ இல்லை, பத்திரம் இல்லை எண்டால் சாட்சிக் கடிதம். கடையைத் தெரிஞ்ச மூண்டு பேர், சமாதான நீதவான் முன்னால கையெழுத்து வைச்சுத் தரவேணும். கடை எங்க இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது, எவ்வளவு காலம் நடந்தது எண்டு விபரமா இருக்கவேணும். ஆவணி முடியிறதுக்குள்ள தாங்கோ."

மூன்று பேர்தானே என்று நினைத்துக்கொண்டு கௌசலா படியிறங்கினாள். மூன்று பேர் என்ன, முந்நூறு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய மகள் கிருசாந்தி இரண்டு வருசத்துக்கு முன் அவளை முகநூலில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். 'ஏழாங்கட்டைச் சந்தி – நினைவுகளும் உறவுகளும்' என்று பெயர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். கனடா, லண்டன், சுவிஸ், பாரிஸ் என்று எல்லா இடத்திலும் சந்திச் சனம் இருந்தது. பின்னேரம் ஆனால் எவராவது ஒருவர் இந்துமதியைப் பற்றியோ மங்களாவைப் பற்றியோ எழுதாமல் விடமாட்டார். கலரியில் விசிலடித்தது, பல்கணிக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லாமல் நின்றது, மழைக்குத் தகரம் சத்தம் போட்டுப் படத்தில் கதைப்பது கேட்காமல் போனது. அவர்களில் எல்லாரையும்விட நன்றாக எழுதுகிறவர் லண்டனில் இருக்கிற தவராசா. "இடைவேளை மணி அடிக்க முதலே நடராசா அண்ணை கண்ணாடிப் பெட்டியில் சுசியத்தை அடுக்கிவிடுவார். தியேட்டரின் வலப்பக்கக் கதவால் ஓடிவந்தால் நேரே மங்களாவின் வாசல்" என்று அவர் எழுதியதற்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அதை வாசித்துக் கௌசலாவும் அழுதிருந்தாள்.

ஆகவே அன்றைக்கே மகளைக் கொண்டு எழுதுவித்தாள். கந்தோரில் சொன்னதை அப்படியே சொல்லி, மங்களா கபேயைக் கண்ணால் கண்டவர்கள் ஒரு கடிதம் தந்து உதவவேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கேயே ஒரு சட்டத்தரணியிடம் கையெழுத்து வைத்து அனுப்பலாம் என்று கேட்டாள்.

அரை மணித்தியாலத்தில் அறுபது பதில் வந்தது. கிருசாந்தி ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"அக்கா, கண்ணீர் வந்துட்டுது. அந்தப் பால்தேத்தண்ணியை மறக்கேலாது."

"நடராசா அண்ணையின்ர மகளோ? உங்களைச் சின்னப்பிள்ளையாய் காசு மேசையில இருக்கக் கண்டனான்."

"கட்டாயம் செய்வம். இன்பொக்ஸுக்கு வாங்கோ."

இன்பொக்ஸுக்குப் போனாள். வாசித்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. இரண்டாம் நாள் ஒருவர், சுசியம் மங்களாவில் விற்கவில்லை, எதிர்ப்பக்கம் இருந்த பேக்கரியில்தான் விற்றது என்று எழுதினார். அதற்கு இன்னொருவர், பேக்கரியில் யாராவது சுசியம் விற்பார்களா என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சண்டை எண்பத்துமூன்று பதிலுக்கு நீண்டது. கடிதம் என்ற பேச்சே அதற்குள் காணாமல் போயிற்று. மூன்றாம் நாள் நோர்வேயில் இருந்து ஒருவர் கொம்பியூட்டரில் செய்வித்த படம் ஒன்றைப் போட்டார். நாலு மாடியில் ஒரு மங்களா கபே, வாசலில் தென்னை, உள்ளே சரவிளக்கு, பக்கத்தில் கோயில் கோபுரம் மாதிரி ஒரு தியேட்டர். பெயர்ப்பலகையில் 'மஙகளா' என்று எழுத்து உடைந்திருந்தது. அதற்கு எழுநூறு இதயம்.

"அம்மா, இதையும் கொண்டுபோய்க் காட்டுவமோ?" என்று கேட்டுச் சிரித்தாள் கிருசாந்தி.

"சிரிக்காதை. எனக்கு வாற ஆத்திரத்துக்கு உந்தப் போனைக் கிணத்துக்குள்ள போட்டிடுவன்."

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. ஒரு கடிதமும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் தவராசா ஊருக்கு வந்திருக்கிறார் என்று குழுவில் படம் விழுந்தது. கனகபுரத்தில் புதுப்பித்த வீட்டு வாசலில், பட்டு வேட்டியோடு நின்றார். கௌசலா அடுத்த நாள் பார்சல் வேலையை வெள்ளென முடித்துவிட்டு, குளித்து உடுத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போனாள்.

தவராசா அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். கண் கலங்கிற்று. அந்த மனிதர் நடிக்கவில்லை, உண்மையாகவே கலங்கினார்.

"அப்பாவின்ர முகம் அப்பிடியே இருக்கு, பிள்ளை. உங்கட கடைப் படியில இருந்துதான் நான் வளர்ந்தனான்."

"அதைத்தான் அண்ணை ஒரு பேப்பரில எழுதித் தாங்கோ எண்டு கேக்க வந்தனான். நீங்கள் எழுதினதெல்லாம் நான் வாசிச்சனான். அதில பாதி எழுதினாலே காணும்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வெளியே தோட்டத்தைப் பார்த்தார்.

"எழுதலாம். ஆனா பிள்ளை, கையெழுத்து எண்டு வரேக்க கொஞ்சம் வில்லங்கம். எண்பத்துநாலில நான் அங்க போகேக்க அகதிக் கேசில குடுத்த ஊர் வேற. இப்ப அரசாங்கக் கந்தோர் ஒண்டில, நான் இந்தச் சந்தியில வளர்ந்தனான் எண்டு என்ர கையெழுத்தோட கடிதம் கிடந்தால்…"

"நாப்பது வருசமாச்சு, அண்ணை. நீங்கள் இப்ப அந்த நாட்டுப் பிரசை. ஆர் வந்து தேடப்போறாங்கள்?"

"உங்களுக்குத் தெரியாது. அங்க எல்லாம் கொம்பியூட்டரில இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னால், கடை தியேட்டருக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ எண்டு கேட்டால்கூட எனக்கு இப்ப உறுதியாச் சொல்லேலாது" என்றார்.

"வலப்பக்கக் கதவால ஓடிவந்தால் நேர வாசல் எண்டு எழுதினீங்களே?"

"அது கதைக்கு எழுதினது, பிள்ளை."

கடை இருந்தது இடப்பக்கம். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அதைத் திருத்தவில்லை. அழுதுகொண்டு வாசித்த தனக்கும் அது கண்ணில் படவில்லை என்று கௌசலாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

புறப்படும்போது தவராசா வாசல்வரை வந்தார். "வாற ஞாயிறு சந்திப் பொடியள் எல்லாம் இங்க ஒண்டு கூடுறம். பழைய மங்களா ருசியில ஒரு அறுபது சுசியம் செய்து தருவியளோ? காசு முன்னுக்கே தாறன்."

"ஞாயிறு எனக்கு வேலை இருக்கு, அண்ணை," என்று சொல்லிவிட்டுக் கௌசலா நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், பதில் போட்டவர்களில் இன்னும் யாரையாவது கேட்கலாமோ என்று கிருசாந்தியின் போனை வாங்கி, தன் வேண்டுகோளுக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தாள். சுசியச் சண்டைக்கு நடுவில் ஒரு பதில் தனியாகக் கிடந்தது. சஜீவன் என்ற பெயர். ஒரு இதயமும் இல்லை, ஒருவரும் மறுமொழி சொல்லவுமில்லை.

"எங்கட அப்பா மங்களா கபேக்குத் தண்ணி அள்ளினவர். கடை எங்க இருந்தது எண்டு அவருக்கு நல்லாத் தெரியும். ஆனால் அவர் முன்பக்கத்தால உள்ள போனதில்லை."

அதைப் போட்டு ஆறு வாரமாகியிருந்தது. இத்தனை நாளும் தன் கண்ணுக்கு முன்னால் கிடந்ததை எப்படித் தாண்டிப் போனேன் என்று கௌசலா தன்மேலேயே எரிச்சல்பட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த ஆளின் ஞாபகமே வந்தது. தண்ணி ஆண்டி. கடையில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். காலை ஐந்து மணிக்குக் கிணற்றுக் கப்பிச் சத்தம் கேட்கும். சாட்சிக்கு ஆள் தேடி அவள் விரல்விட்டு எண்ணிய பெயர்களில் அவர் ஒருநாளும் வரவில்லை.

சஜீவன் பரந்தனில் ஓட்டோ ஓட்டுகிறவன். அப்பா ஜெயபுரத்தில் இருக்கிறார், பெயர் பழனியாண்டி, போய்ப் பாருங்கோ என்று சுருக்கமாகச் சொன்னான். தாயும் மகளும் அக்கராயன் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். வழி முழுக்கப் புழுதி. அந்த மனிதர் மரவள்ளித் தோட்டத்துக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். பிளாஸ்டிக் கதிரை இரண்டை வேப்பமர நிழலில் போட்டுவிட்டு, தான் ஒரு மரக்குற்றியில் இருந்தார்.

"சின்னம்மா தானே?" என்றார். "காசு மேசையில உக்காந்திருப்பீங்க. ரெட்டைப் பின்னல்."

அவளுக்கு முகத்தில் சூடேறிற்று. அவருடைய முகத்தை அவளால் இப்போதும் சரியாக நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கப்பிச் சத்தமும் ஈரக் கால்களும்தான் ஞாபகத்தில் இருந்தன.

பழனியாண்டி எழுபத்தேழுக் கலவரத்தோடு மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். அடுத்த வருசம் மங்களாவில் தண்ணீர் அள்ளத் தொடங்கி, பதினொரு வருசம் அள்ளியிருக்கிறார். தியேட்டருக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் குடியிருந்தார்.

விசயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"தியேட்டருக்கு எடது பக்கம். தியேட்டரோட பக்கச் சுவத்துல இருந்து நம்ம கெணத்துக்கு முப்பத்திரண்டு எட்டு. கெணத்துல இருந்து பின்வாசலுக்குப் பதினொரு எட்டு. ரெண்டு வாளியோட ஒரு நாளைக்கு எழுவது தடவை நடந்திருக்கேன். கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். அந்தக் கெணத்தை மண்ணு போட்டு மூடியிருப்பாங்களே தவிர, சீமெந்துக் கட்டைத் தோண்டி எடுத்திருக்க மாட்டாங்க."

கௌசலாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஆறு வாரமாக ஆயிரம் பேரிடம் கேட்டுக் கிடைக்காதது, ஒரே மூச்சில் காலடிக் கணக்கோடு வந்து விழுந்தது. கிருசாந்தி கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

"முன்பக்கம் எப்பிடி இருந்தது, மேசை எத்தினை எண்டும் சொல்லுங்கோ," என்றாள் கௌசலா.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் உள்ள வந்ததில்ல. பின்பக்கந்தான் எழுதணும். பின்வாசல் பக்கத்துச் சுவத்துல ரெண்டு ஆணி. ஒவ்வொண்ணுலயும் ஒரு தகரப்பேணி தொங்கும். எங்க ஆளுகளுக்கு அதுலதான் தேத்தண்ணி. குடிச்சிட்டு நாங்களே கழுவி மாட்டிறணும்."

கிருசாந்தியின் பேனை நின்றது. தாயைப் பார்த்தாள்.

"அப்பா இருக்கேக்க அப்பிடி ஒரு வழக்கம்…" என்று கௌசலா தொடங்கினாள்.

"நீங்களும் ஊத்தித் தந்திருக்கீங்க," என்றார் பழனியாண்டி. குரலில் கோபம் இல்லை. வயலுக்கு எப்போது தண்ணீர் விட்டார்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார். "பேணியில தேத்தண்ணிக் கெத்தல் படாம, மேல புடிச்சு ஊத்துவீங்க. ஒரு தடவை சுடச்சுட என் கையில பட்டுருச்சு. அப்ப நீங்க அழுதீங்க, நான் அழல."

அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. சுட்டது யாருடைய கை என்பதுதான் ஞாபகத்தில் இல்லாமல் இருந்தது.

"தியேட்டருக்குள்ள அப்பிடி இல்லைங்க," என்று அவர் தொடர்ந்தார். "டிக்கெட் எடுத்தா கலரியில எங்க வேணுமின்னாலும் உக்காரலாம். இருட்டுல பக்கத்துல யாருன்னு யாரு பாக்குறா? இடைவேளைக்கு லைட்டைப் போட்டதும் எல்லாம் முன்பக்கம் ஓடும். நான் பின்பக்கம் போவேன். படம் பாதியில எழும்பிப் போற மாதிரித்தான் எப்பவும் இருக்கும்."

கௌசலா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் பேணிக் கதை… கந்தோருக்கு அது தேவையில்லைத்தானே, அண்ணை? கிணறும் வாசலும் எழுதினால் காணாதோ?"

"அண்ணை" என்று அவரைக் கூப்பிட்டது அதுவே முதல்தடவை. கேட்கவேண்டியதைக் கேட்பதற்காகத்தான் அந்தச் சொல் வந்தது என்பது அவளுக்கே விளங்கி, வெட்கமாக இருந்தது.

"பதினொரு வருசம் அங்க இருந்தவன், உள்ள ஒரு மேசையக்கூடச் சொல்லத் தெரியலையேன்னு கந்தோருல கேப்பாங்களே. அதுக்கு நான் என்ன சொல்றது?" என்றார் பழனியாண்டி. "நடந்ததை எழுதுறதுன்னா கையெழுத்து வைக்கிறேன். கொஞ்சத்தை எழுதிக் கொஞ்சத்தை விடுறதுன்னா வேற ஆளைப் பாருங்க, சின்னம்மா."

பார்க்க வேறு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்த வேப்பமரத்தின் கீழ் இருந்து எழும்பிப் போயிருக்க அவளால் முடிந்திராது. "அவர் சொல்லுறபடி எழுது," என்று மகளிடம் சொன்னாள். கிருசாந்தி இரண்டு பக்கம் எழுதினாள். ஜெயபுரத்திலேயே ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சமாதான நீதவானாக இருந்தார். அவர் முன்னால் பழனியாண்டி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினார்.

கந்தோரில் அந்த உத்தியோகத்தர் பிள்ளை கடிதத்தை முழுதாக வாசித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, கௌசலாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் வாசித்தாள்.

"இவ்வளவு விபரமா ஒருத்தரும் தந்ததில்லை," என்றாள். "மூண்டு கடிதம் இல்லாட்டியும், இடத்தில போய்ப் பார்த்துக் கிணறு இருந்தால் கோப்பைத் திருத்தலாம். இவரும் பதினொரு வருசம் அங்க குடியிருந்திருக்கிறாரே. இவர் ஒண்டும் விண்ணப்பிக்கேல்லையோ?"

கௌசலா அன்றைக்கே பழனியாண்டிக்குப் போன் எடுத்து, நீங்களும் போடுங்கோ, நான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன் என்று சொன்னாள். ஓம் என்று சொல்லுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தாள். சொன்னால் மனதிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கும் என்றும் நினைத்தாள்.

"வேணாங்க," என்றார் அவர். "அந்த எடத்துல எனக்கு ஒண்ணும் வேணாம்." அவள் மறுபடி வற்புறுத்த வாயெடுத்தபோது, ஆடு மரவள்ளிக்குள் போய்விட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து அளக்கிறவர்கள் வந்தார்கள். தியேட்டரின் அத்திவாரக் கல் ஒரு மூலையில் தட்டுப்பட்டது. அங்கிருந்து முப்பத்திரண்டு எட்டு வைத்து, நாயுருவியும் முள்ளும் வெட்டி, மண்வெட்டியால் நாலு கொத்துக் கொத்த, கிணற்றுக்கட்டின் சீமெந்து தெரிந்தது. கூட வந்த ஒருவர் அதைப் படமெடுத்தார். கோப்பில் பற்றைக்காணி என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'முன்னர் உணவகமும் கிணறும் இருந்த காணி' என்று எழுதினார்கள்.

அன்றைக்கு வந்த உற்சாகத்தில் கௌசலா ஒரு காரியம் செய்தாள். கிணற்றுக்கட்டின் படத்தையும், பழனியாண்டியின் சம்மதத்தைக் கேட்டு அவருடைய கடிதத்தையும் குழுவில் போட்டாள். முதல் பத்து நிமிசத்துக்குள் கிணற்றுக்கு இதயங்கள் விழுந்தன. பிறகு கடிதத்தை வாசித்திருப்பார்கள், இதயங்கள் நின்றுவிட்டன. ஒருவர், எங்கட ஊரில் அப்படியொன்றும் இருக்கவில்லை என்று எழுதினார். இன்னொருவர், இதெல்லாம் பிரிவினையைத் தூண்டுகிற வேலை என்றார். தவராசா லண்டனிலிருந்து போன் எடுத்தார்.

"பிள்ளை, செத்துப்போன அப்பாவை ஏன் இப்ப சந்தியில இழுத்து விடுறியள்? அவர் எவ்வளவு நல்ல மனிசன். அந்தக் காலத்தில எல்லா இடமும் அப்பிடித்தானே?"

"நல்ல மனிசன்தான் அண்ணை. ரெண்டு பேணியும் தொங்கினதுதான்."

"அதை எழுதவேணுமோ எண்டுதான் கேக்கிறன்."

"நீங்கள் எழுதியிருந்தால் எனக்கு எழுத வேண்டி வந்திராது," என்றாள் கௌசலா. பின்னேரம் பார்த்தபோது படமும் கடிதமும் குழுவில் இல்லை. அழித்துவிட்டார்கள். நாலு மாடி மங்களா கபே மட்டும் மேலே ஒட்டப்பட்டிருந்தது. கிருசாந்தியிடம் போனைக் கொடுத்து, தன் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

புரட்டாதி நடுவில் கடைத்தொகுதிக்குத் தெரிவானவர்களின் பட்டியலைக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயர். கௌசலா மேலிருந்து கீழே பார்த்தாள், பிறகு கீழிருந்து மேலே பார்த்தாள். அவளுடைய பெயர் இல்லை. சந்திப் பக்கமே வந்திராத இரண்டு பேருடைய பெயர் இருந்தது.

"உங்கட கோப்பு திருத்தினது புரட்டாதி நாலாம் திகதி, அம்மா," என்றாள் உத்தியோகத்தர் பிள்ளை. அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "முடிவுத் திகதி ஆவணி கடைசி. அதுக்குள்ள கடிதம் தந்தனீங்கள்தான், ஆனா திருத்தின திகதியைத்தான் பாத்திருக்கினம். ரெண்டாம் கட்டத்தில கட்டாயம் வரும்."

"ரெண்டாம் கட்டம் எப்ப?"

"எனக்குத் தெரியாது."

"வரும் எண்டு ஆர் சொன்னது?"

"அப்பிடித்தான் கதை."

முந்திய கௌசலா என்றால் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள். இந்தத் தடவை அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. "பிள்ளை, கதை எனக்குக் காணும். நாலு மாசமா எல்லாரும் எனக்குக் கதைதான் தந்தவை. இதை எழுதித் தாங்கோ. என்ர கடிதம் என்ன திகதி வந்தது, நீங்கள் என்ன திகதி திருத்தினது, ரெண்டாம் கட்டத்தில நான் எத்தினையாம் ஆள், எல்லாம் எழுதி, சீல் குத்தித் தாங்கோ."

"அப்பிடிக் குடுக்கிற வழக்கம் இல்லையேம்மா."

"நான் இருக்கிறன். நீங்கள் கேட்டுப்போட்டு வாங்கோ."

உள்ளே போனாள், வந்தாள். பெரிய ஐயா கூட்டத்தில் என்றாள். கௌசலா இருந்தாள். மத்தியானம் ஆயிற்று. ஆட்கள் சாப்பிட எழும்பிப் போனார்கள். அவளுடைய பார்சலை வழக்கமாக வாங்குகிற இரண்டு பேர் அவளை அங்கே கண்டு, இன்றைக்குச் சாப்பாடு இல்லையோ என்று கேட்டார்கள். இல்லை என்றாள். மின்விசிறி நின்றது, பிறகு ஓடியது. மூன்று மணிக்குப் பெரிய ஐயா கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கௌசலாவுக்கு இடுப்பு வலித்தது, பசித்தது. சத்தம் போடவேண்டும் போல இருந்ததை அடக்கிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பன்னிரண்டு பெயரையும் மறுபடி மறுபடி வாசித்தாள்.

நாலு மணி தாண்டி உத்தியோகத்தர் பிள்ளை ஒரு தாளோடு வந்தாள். கீழே கையெழுத்து இருந்தது, சீலும் இருந்தது. திகதிகள் சரியாக இருந்தன. 'இரண்டாம் கட்டம் நடைமுறைப்படுத்தப்படும் பட்சத்தில், முன்னுரிமைப் பட்டியலில் முதலாவதாகக் கருத்திற் கொள்ளப்படுவார்' என்று எழுதியிருந்தது.

"பட்சத்தில் எண்டால்?" என்று கேட்டாள் கௌசலா.

"நடந்தால் எண்டு அர்த்தம், அம்மா. இதுக்கு மேல எனக்குச் செய்யேலாது. இதையும் நான்தான் நிண்டு வாங்கினனான்."

அந்தப் பிள்ளையின் முகமும் களைத்துப் போயிருந்தது. கௌசலா நன்றி சொன்னாள். தாளை மடிக்காமல் கிருசாந்தியின் பழைய கோப்பு உறைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஐந்து மணிப் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் நிறைய ஆட்கள், இருக்க இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு வழக்கம்போல நாற்பது பார்சல். இன்றைக்குக் கொடுக்காததற்கு வங்கிக்காரர்கள் கட்டாயம் முறைப்பாடு சொல்லுவார்கள். போகிற வழியில் பயற்றங்காய் வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.